ஆளுக்கு இருபது கிலோ

அன்புராசா முப்பத்தொன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. நாற்பதாம் நாள், ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது திறந்துவிட்டார்.

"நானும் மனிசியும் பாரிசுக்குப் போறம். கலியாணம் முடிச்சு இருபது வருசம். நாலு நாள், சும்மா சுத்திப் பாக்க."

பக்கத்தில் நின்று வெண்டிக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஒருவரிடம்தான் சொன்னார். பெயர்கூடச் சரியாகத் தெரியாத மனிதர். ஆனால் எங்கள் ஆட்களிடம் ஊருக்குச் சொன்னால் சிலருக்குக் கேட்காமல் போகலாம். ஒருவருக்குச் சொன்னால் எல்லோருக்கும் கேட்கும்.

அன்று பின்னேரம் அவர் மனைவி இராஜேஸ்வரி வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றவில்லை, ரெலிபோன் அடித்தது.

"தங்கச்சி, பாரிசுக்குப் போறியளாம். எங்கடை மகள் அங்கைதானே. ஒரு சின்னப் பார்சல், பாரமே இல்லை..."

ஒரு காலில் சப்பாத்தும் மறுகால் வெறுங்காலுமாக நின்றபடி இராஜேஸ்வரி குசினிப் பக்கம் பார்த்தாள். அன்புராசா கத்தரிக்காயை வெகு கவனமாக வெட்டிக்கொண்டிருந்தார். ஏதாவது குற்றம் செய்த நாட்களில் மட்டும்தான் மனிதர் சமையலுக்கு உதவுவார்.

"ஆருக்குச் சொன்னனீங்கள்?"

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை, ராசேஸ். ஒராளுக்குத்தான்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராமல் என்ன செய்யும்? 1977 ஆனியில் கலியாணம். போய்ப் புகுந்த வீட்டில் பதினொரு பேர். ஏழு வருசத்தில் அவர் கனடாவுக்கு வந்துவிட்டார். பிறகு மூன்று வருசம் கடிதக் குடும்பம். நாலு வயது மகள் லக்சிகாவோடு அவள் வந்து இறங்கியது பார்க்டேலில் இரண்டு அறை அப்பார்ட்மென்ற். அங்கே ஒன்பது பேர்; குளியலறைக் கதவில் யார் எப்போது போகலாம் என்று நேர அட்டவணை. கடைசியில் ஸ்காபரோவில் தங்களுக்கென்று ஒரு வீடு கிடைத்தபோது அவருக்கு இரவு வேலை வந்தது. நகரத்தின் நடுவில் ஒரு கட்டடத்துக்குக் காவல். அவளுக்கு விடிய வேலை. அவள் மூன்றரைக்கு வீட்டுக்கு வரும்போது அவர் எழும்பிக் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். அவருடைய கொட்டாவி முடிகிற நேரம் அவளுடைய கொட்டாவி தொடங்கும். குடும்ப விஷயமெல்லாம் குசினியில் நின்ற பிறிட்ஜ் கதவில் ஒட்டிய காகிதத்தில் நடந்தது. "பால் இல்லை." "லக்சிகாவின்ரை ரீச்சர் கூப்பிட்டவ." "எனக்குக் காய்ச்சல்." "குளிசை மேல் தட்டிலை."

அவள் வேலை செய்தது ஒரு பேக்கரித் தொழிற்சாலையில். பிறை வடிவத்தில் குறோசான்ற் என்று ஒரு பணிஸ். அதைப் பெட்டியில் அடுக்கி மூட வேண்டும். பெட்டியின் மேல் பாரிஸ் நகரத்துப் படம். ஆறு, பாலம், பாலத்தடியில் ஒரு மர வாங்கு, வாங்கில் உட்கார்ந்தபடி ஒரு ஆணும் பெண்ணும். எட்டு வருசமாக அந்த இரண்டு பேரும் எழும்பவில்லை. அவர்களுக்கு ஒருத்தரும் ரெலிபோன் எடுக்கவில்லை. பால் முடிந்துவிட்டதென்று ஒருத்தரும் சொல்லவில்லை.

"உவையளுக்கு வேலைவெட்டி இல்லைப்போல," என்பாள் பக்கத்தில் நின்று பெட்டி மூடும் பேர்ணடெற்.

போன வருசம் குடியுரிமை கிடைத்து, நீலக் கடவுச்சீட்டும் கைக்கு வந்தபோது இராஜேஸ்வரி தீர்மானித்துவிட்டாள். கோபுரம் வேண்டாம், மாளிகை வேண்டாம். அந்த வாங்கில் இருக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் புருசனோடு. அவ்வளவுதான் அவள் கேட்டது. அது ஊருக்குத் தெரிந்தால் நடக்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தபடியால்தான் அவரிடம் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

ஏனென்றால், எங்களில் விமானம் ஏறுகிறவர் பயணி அல்ல; தபால். கனடாவில் தபால் நிலையம் என்று ஒன்று இருப்பதும், அது பாரிசுக்கும் பொதி அனுப்பும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தபால்காரனிடம் "கையிலை குடுத்து, சாப்பிட்டிட்டுத்தான் வரவேணும்" என்று சொல்ல முடியாதே.

அந்தக் கிழமை முழுவதும் பார்சல்கள் வந்தன. மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு வீடியோ, மூன்று கசற். கனடாக் கசற் பாரிஸ் பெட்டியில் ஓடாது என்று லக்சிகா சொன்னதற்கு, "அவை அங்கை மாத்திப் போட்டுப் பாப்பினம்" என்று பதில். ரெலிபோனில் அளவு கேட்டுத் தைத்த சட்டை ஆறு. இரண்டு கிலோ வறுத்த மிளகாய்த்தூள். பாரிசில் தமிழ்க் கடைத் தெருவே இருக்கிறது, அங்கே தூள் மூட்டை மூட்டையாக விற்கிறது என்றால், "அது உறைக்காது தங்கச்சி." ஒருவர் இடியப்ப உரல் கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து ரொறன்ரோ என்று ஏற்கெனவே பாதி உலகம் சுற்றிய மர உரல். அதையும் "பாரமே இல்லை" என்றுதான் தந்தார். பாரமில்லாத பொருட்கள் சேர்ந்து வரவேற்பறையின் ஒரு மூலையை மூடின.

ஒவ்வொன்றையும் அன்புராசா இரண்டு கையாலும் வாங்கினார். அந்த மனிதரின் வாயில் "மாட்டன்" என்ற சொல் இருபது வருசத்தில் வந்ததில்லை. இராஜேஸ்வரிக்கு மட்டும் சிலவேளை வந்திருக்கிறது. வெளியாட்களுக்கு ஒருபோதும் இல்லை.

"எப்பிடியப்பா முகத்துக்கு நேரை சொல்லுறது?"

"என்ரை முகத்துக்குச் சொல்லுவியள்தானே? அதே மாதிரி."

ஞாயிற்றுக்கிழமை சண்முகலிங்கம் வந்தார். வந்தார் என்று சொன்னால் போதாது; எழுந்தருளினார். வடலியூர் மக்கள் ஒன்றியத்தின் கனடாக் கிளைக்கு அவர் தலைவர். கிளையில் நாற்பத்து மூன்று அங்கத்தவர்கள், அதில் இருபத்தொரு பேர் நிர்வாக சபை. மிச்ச இருபத்திரண்டு பேரும் கோபத்தில் இருந்தார்கள். கூடவே வார இதழுக்குப் படம் எடுக்கும் ஒருவர், கையில் கமராவோடு. சண்முகலிங்கத்தின் கையில் பச்சைப் பட்டுத் துணியால் மூடிய ஏதோ ஒன்று.

துணியை அவரே விலக்கினார். முழங்கை நீளத்துக்கு ஒரு கேடயம். தேக்கு மரத்தில் பித்தளைத் தகடு. தகட்டில் ஒரு பனை மரம், ஒரு மேப்பிள் இலை, பாரிஸ் கோபுரம். அவற்றுக்குக் கீழே பாரிஸ் கிளையின் பெயர் சின்ன எழுத்தில், "வழங்குபவர்: சமூகதீபம் வே. சண்முகலிங்கம்" என்பது பெரிய எழுத்தில்.

"தம்பி அன்பு, நீர் இனிச் சாதாரண ஆளில்லை. எங்கடை கிளையின்ரை நல்லெண்ணத் தூதுவர். சனிக்கிழமை பின்னேரம் அங்கை மண்டபம் எடுத்திருக்கினம். நீர் ஒரு அரை மணித்தியாலம் பேசவேணும். பேச்சை நான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறன்."

"சனிக்கிழமை எங்கடை கலியாண நாள், அண்ணை," என்றாள் இராஜேஸ்வரி.

"அதுதானே பொருத்தம், தங்கச்சி! மேடையிலை உங்களுக்கும் ஒரு பொன்னாடை போடச் சொல்லியிருக்கிறன்."

அவள் திரும்பிப் புருசனைப் பார்த்தாள். அன்புராசா எழும்பி நின்றார். தொண்டையைச் செருமினார். இதோ சொல்லப் போகிறார் என்று அவள் நினைத்தாள்.

"அரை மணித்தியாலம் போதுமோ, அண்ணை?" என்றார் அன்புராசா.

கமரா பளிச்சென்றது. சண்முகலிங்கம் கேடயத்தைக் கொடுத்தார், அன்புராசா வாங்கினார். பக்கத்தில் நின்ற இராஜேஸ்வரியைப் படமெடுப்பவர் கையால் தள்ளித் தள்ளி, அலுமாரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்.

அன்று மாலை லக்சிகா பாரிஸ் வரைபடம் ஒன்றை விரித்து, பார்சல் விலாசங்களுக்குச் சிவப்புப் பொட்டு வைத்தாள். பதினான்கு பொட்டு. ஒன்றுகூட ஆற்றங்கரையில் இல்லை. அதிலும் ஐந்து வரைபடத்துக்கே வெளியே, மேசையில்.

"அம்மா, திஸ் இஸ் எ பேப்பர் ரூட்! வீடு வீடாப் பேப்பர் போடுற வேலை! அவை உங்களுக்குப் பே பண்ணோணும்."

"பிள்ளை, பெரியாக்களின்ரை விசயத்திலை வாய் வைக்காதை," என்றார் அன்புராசா.

"வைக்கட்டும்," என்றாள் இராஜேஸ்வரி. "இந்த வீட்டிலை ஒராளுக்கெண்டாலும் வாய் வேலை செய்யட்டும்."

மலிவு ரிக்கற். ஆளுக்கு இருபது கிலோ, அதற்கு மேல் ஒரு பிடி கூடக் கூடாது என்று ரிக்கற் விற்றவர் மூன்று தரம் சொல்லியிருந்தார். அன்புராசா குளியலறைத் தராசை நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்து, சூட்கேசைக் கட்டிப் பிடித்தபடி ஏறி நின்று, தன் நிறையைக் கழித்துக் கழித்துப் பார்த்தார். அவருடைய சூட்கேஸ் முழுவதும் பார்சல். அடியில் அவருடைய இரண்டு சேட்டும் ஒரு காற்சட்டையும், தாலாட்டி வைத்ததுபோல் கேடயத்தைச் சுற்றி. இராஜேஸ்வரியின் சூட்கேசில் அவளுடைய உடுப்பு, நடப்பதற்கென்று புதிதாக வாங்கிய சப்பாத்து, இளநீலக் கோட்டு. இந்தப் பயணத்துக்கென்றே அந்தக் கோட்டை ஐந்து கடை ஏறி வாங்கியிருந்தாள்.

வியாழக்கிழமை பின்னேரம் விமான நிலையத்தில் இறங்கினால், வாசலில் சண்முகலிங்கம். பின்னால் நிர்வாக சபையில் ஐந்து பேர். கையில் மாலை. மாலை ஒன்றுதான், அது யாருக்கு என்று கேட்கத் தேவையில்லை. அன்புராசா மாலையோடு வரிசையில் நின்றார். முன்னால் நின்ற வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று அதில் ஒரு பூவைப் பிய்த்தது.

கருமபீடத்தில் நின்ற பெண் பார்சல் சூட்கேசைத் தராசில் வைத்தாள். முப்பத்தொன்பது. குளியலறைத் தராசு பாவம், அதுவும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத சாதி. இராஜேஸ்வரியின் சூட்கேஸ் பதினொன்று. இரண்டு பேருக்கும் சேர்த்து நாற்பதுதான் விடலாம், பத்துக் கிலோ குறையுங்கள், இல்லையென்றால் ஒரு சூட்கேசை விட்டுவிட்டுப் போங்கள் என்று அந்தப் பெண் சிரித்த முகத்தோடு சொன்னாள்.

அன்புராசா முழங்காலில் இருந்து ஒரு சூட்கேசைத் திறந்தார்.

திறந்தது இராஜேஸ்வரியின் சூட்கேசை.

முதலில் சப்பாத்தை எடுத்து வெளியே வைத்தார். பிறகு ஒரு சேலை. பிறகு இளநீலக் கோட்டு. "உது கொஞ்சம் பாரமப்பா. அங்கை இப்ப வெய்யில்தானே."

அதோடு விட்டிருந்தால் அவள் பேசியிருக்க மாட்டாளோ என்னவோ. ஆனால் சண்முகலிங்கம் குனிந்து, தலைவருக்குரிய குரலில் ஒரு தீர்ப்புச் சொன்னார்:

"நாலு நாளுக்கு ஒரு உடுப்புக் காணும், தங்கச்சி. தோய்ச்சுப் போடலாம். பொதுக் காரியம் எண்டால் கொஞ்சம் விட்டுக்குடுக்கத்தான் வேணும்."

இராஜேஸ்வரி நிமிர்ந்தாள்.

"சண்முகலிங்கம் அண்ணை, நீங்கள் உங்கடை மனிசியைக் கூட்டிக்கொண்டு கடைசியா எங்கை போனனீங்கள்?"

"ஏன்... போன மாசம்தானே. ஒன்றியத்தின்ரை பொதுக்கூட்டத்துக்கு."

நிர்வாக சபையில் இரண்டு பேர் சிரித்தார்கள். தலைவர் திரும்பிப் பார்த்ததும் இருமினார்கள்.

"விட்டுக்குடுக்கிறதெண்டால் என்னெண்டு எனக்குச் சொல்லித் தராதேங்கோ. இருபது வருசம் நான் விட்டுக்குடுத்துக்கொண்டுதான் இருக்கிறன். மாமி வீட்டிலை பதினொரு பேருக்கு விட்டுக்குடுத்தன். பார்க்டேலிலை குளிக்கிற நேரத்தைக்கூட விட்டுக்குடுத்தன். இந்த மனிசனை ஒரு கட்டடத்துக்கு விட்டுக்குடுத்திட்டு பிறிட்ஜோடை குடும்பம் நடத்துறன். நாலு நாள் கேட்டன், அண்ணை. நாலே நாள். அதுக்கை உங்களுக்கு மண்டபம் வேணும், மேடை வேணும், உங்கடை பேரைப் பித்தளையிலை வெட்டிக் கடல் கடந்து காவிக்கொண்டு போக ஆள் வேணும். அதுக்கு என்ரை கோட்டைக் கழட்டி வைச்சிட்டுப் போகவேணும். என்ன?"

வரிசையில் நின்றவர்களில் பாஷை விளங்காதவர்களுக்கும் விஷயம் விளங்கிவிட்டது.

அவள் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். சேலையையும் சப்பாத்தையும் உள்ளே திணித்து, தன் சூட்கேசைப் பூட்டி, தூக்கித் தராசில் வைத்தாள். பார்சல் சூட்கேசை இழுத்துக்கொண்டுபோய்ச் சண்முகலிங்கத்தின் கால்மாட்டில் நிறுத்தினாள்.

"பிடியுங்கோ."

"தங்கச்சி, உது பொதுச் சொத்து!"

"அப்ப பொதுமக்கள் காவிக்கொண்டு போகட்டும். பதினாலு விலாசமும் மேலைதான் இருக்கு."

பிறகு கருமபீடத்துப் பெண்ணிடம் தொழிற்சாலை இங்கிலிசில் "வன் பாக், ஒன்லி வன்" என்றாள்.

அன்புராசா இன்னும் முழங்காலில்தான் இருந்தார். மாலை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் தலைவர், மறுபக்கம் மனைவி.

"ராசேஸ்," என்றார் மெல்ல, "என்ரை சேட்டெல்லாம் அதுக்கை."

"வாறியளோ? சேட்டோடை நிக்கிறியளோ?"

அவர் சூட்கேசைப் பார்த்தார். சண்முகலிங்கத்தைப் பார்த்தார். பக்கத்தில், வழியனுப்ப வந்த லக்சிகா இரண்டு கையையும் வாயில் பொத்திக்கொண்டு நின்றாள். அன்புராசா மாலையைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் பார்சல் சூட்கேசின் கைப்பிடியில் கொழுவினார். பிறகு, போட்டிருந்த ஒரே சேட்டோடு மனைவிக்குப் பின்னால் நடந்தார். சண்முகலிங்கத்திடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாட்டன் என்றும் சொல்லவில்லை.

பாரிசில் அந்தப் படத்திலிருந்த பாலத்தைத் தேடினார்கள். ஒரே சாயலில் ஆறு பாலம் இருந்தது. மூன்றாவதுதான் அது என்று இராஜேஸ்வரி முடிவு செய்தாள். அதன் அடியில்தான் வாங்கு இருந்தது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போய் இருந்தார்கள். அன்புராசா நடைபாதையில் வாங்கிய மஞ்சள் பனியனில், நெஞ்சு நிறையக் கோபுரப் படத்தோடு இருந்தார். அவள் இளநீலக் கோட்டில். எட்டு வருசமாகப் பெட்டி பெட்டியாகப் பார்த்த இடம். அவள் ஆற்றை ஒருமுறை பார்த்தாள், பாலத்தை ஒருமுறை பார்த்தாள், அவருடைய தோளில் தலையைச் சாய்த்தாள், நித்திரையாகிவிட்டாள்.

ரொறன்ரோவில் அப்போது விடிய மூன்று மணி. அது அவளுடைய நித்திரை நேரம். அவருடைய வேலை நேரம். அன்புராசா கண்ணைக்கூடக் கொட்டாமல் இருந்தார்.

பதினொன்றரைக்கு விழித்துப் பார்த்தபோது அவளுக்கு வந்த ஆத்திரம், விமான நிலையத்தில் வந்ததைவிடப் பெரிது.

"இரண்டரை மணித்தியாலம்! ஏனப்பா எழுப்பேல்லை?"

"எழுப்ப மனம் வரேல்லை. ஆரும் கிட்ட வராமல் பாத்துக்கொண்டிருந்தன்."

"நான் என்ன கட்டடமே?"

அவர் காகிதப் பையொன்றை நீட்டினார். உள்ளே பிறை வடிவப் பணிஸ் இரண்டு. பக்கத்தில் தள்ளுவண்டியில் விற்றவனைக் கையசைத்துக் கூப்பிட்டு, தோளை அசைக்காமலே வாங்கி வைத்திருந்தார். அவள் ஒன்றை எடுத்துத் திருப்பி அடியைப் பார்த்தாள்.

"அடி கருகியிருக்கு. எங்கடை லைனிலை உதைத் தூக்கி எறிஞ்சுபோடுவம்."

இரண்டையும் அவளே சாப்பிட்டாள்.

திரும்பி வந்தபோது ஸ்காபரோ கொதித்துக்கொண்டிருந்தது. இடியப்ப உரல்காரர் கதைக்கவில்லை. வீடியோக்காரி, தன் மகளின் சடங்கை அவமதித்துவிட்டார்கள் என்று மூன்று பேரிடம் சொல்லியிருந்தாள், அதாவது எல்லோரிடமும். லக்சிகா வார இதழை மேசையில் விரித்து வைத்தாள்.

"பாரிசில் கேடயம் கையளிப்பு! கரகோஷத்தால் அதிர்ந்தது மண்டபம்!"

வெள்ளிக்கிழமை இதழ். சனிக்கிழமை நடக்க இருந்த விழாவின் செய்தி அதில் வந்திருந்தது. புதன்கிழமையே அச்சுக்குப் போய்விட்டதாம். படத்தில் சண்முகலிங்கம், நடுவில் கேடயம், மறுபக்கம் அன்புராசா. ஓரத்தில் அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு முழங்கை. இராஜேஸ்வரியின் முழங்கை. "அன்புராசா தம்பதியினர்" என்று கீழே எழுதியிருந்தது.

அன்புராசா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தான் பாரிசில் ஆற்றிய உரையை முழுவதும் வாசித்தார்.

"நல்லாத்தான் பேசியிருக்கிறன்," என்றார்.

இராஜேஸ்வரி பார்த்த பார்வையில் கண்ணாடியைக் கழற்றினார்.

அப்போது ரெலிபோன் அடித்தது. சண்முகலிங்கம். தலைவரின் குரல் ரெலிபோனுக்கு வெளியேயும் கேட்கும்.

"தம்பி அன்பு, நடந்ததை மறப்பம். நான் பெருந்தன்மையான ஆள் எண்டு உமக்குத் தெரியும். இப்ப ஒரு சின்ன விசயம். ஆரும் கேட்டால் கேடயம் குடுத்தாச்சு எண்டு சொல்லும். பாரிசிலை மண்டபத்துக்கு வந்த நூறு பேர் காத்திருந்துபோட்டுப் போயிருக்கினம், அவையளோடை நான் கதைச்சுச் சரிப்பண்ணுறன். ஒருக்கா வந்து உம்மடை சேட்டுகளையும் எடுத்துக்கொண்டு, கேடயத்தையும் உம்மடை வீட்டிலை வைச்சிரும். என்ரை வீட்டிலை ஆரும் கண்டால் சரியில்லை."

அன்புராசாவின் வாய் "ஓம் அண்ணை" என்பதற்காகத் திறந்தது. பழக்கம். இராஜேஸ்வரி ஈரத் துணியால் மேசையைத் துடைத்தாள். கேடயம் வந்தால் வைக்கக்கூடிய இடத்தை, அலுமாரிப் பக்கத்தை, திரும்பியும் பார்க்கவில்லை. இந்த முறை தான் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று முடிவெடுத்திருந்தாள்.

"அண்ணை," என்றார் அன்புராசா. "நாங்கள் மண்டபத்துக்குப் போகேல்லை. ஆற்றங்கரையிலை இருந்தனாங்கள். ஆரும் கேட்டால் அதைத்தான் சொல்லுவன்."

"என்ன தம்பி விசர்க்கதை கதைக்கிறீர்? அப்ப கேடயம்? உம்மடை சேட்டு?"

"மாட்டன் அண்ணை. சேட்டை நீங்களே வைச்சிருங்கோ."

ரெலிபோனை வைத்தார். ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தார், இன்னொன்றும் குடித்தார். பிறகு, பயத்தில்தான், "நாளைக்கு எடுத்து ஒருக்காச் சமாதானமாக் கதைக்கட்டே?" என்றார்.

ஈரத் துணி பறந்துவந்து மஞ்சள் பனியனில், கோபுரத்தின் உச்சியில் விழுந்தது.